அப்பாவுக்கு மட்டும் முட்டை

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவர் தினமும் முட்டை சாப்பிட்டார் என்று இன்றைக்குச் சொன்னால் பெருமையாகத் தோன்றலாம். அன்றைக்கு எனக்கு அது மானம் போகிற விஷயம். மலாக்காவில், காஜா பேராங்கில் எங்கள் வரிசையில் இருந்த எல்லா வீட்டிலும் ஊபி என்கிற மரவள்ளிக்கிழங்குதான். காலையில் அவித்தது, பகலில் துருவி வதக்கியது, இரவில் மாவாக்கிக் களி கிண்டியது. அம்மாவுக்கும் எனக்கும் என் தம்பிக்கும் அதேதான். அப்பாவுக்கு மட்டும் தனிச் சட்டியில் முட்டை, பொடிமீன், கீரை, கொஞ்சம் வேர்க்கடலை.

காரணம், அப்பாவுக்கு இனிப்பு நீர். சண்டைக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்த கொஞ்ச நாளில் ஊசிமருந்து தீர்ந்துபோனது. டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு, இனிமேல் சாப்பாடுதான் மருந்து, சோறு ஒரு சிரட்டைக்கு மேல் போகக்கூடாது, கிழங்கும் சீனியும் அறவே ஆகாது என்று சொல்லி அனுப்பினார். அம்மா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பெட்டியில் இருந்த பட்டுப்புடவைகளைக் கொடுத்துக் கோழிகள் வாங்கினாள். வாய்க்கால் ஓரமாகப் போய்க் கங்கோங் கீரை பறித்து வந்தாள். விடிந்ததும் கொல்லைக்குப் போய், அப்பா ஒன்றுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்த்திருக்கிறதா என்று குனிந்து பார்ப்பாள். மொய்த்திருந்தால் அன்றைக்குச் சிரட்டைச் சோறும் கிடையாது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, "உங்கம்மா தினம் என்னாடி தேடுறாங்க?" என்று கேட்டாள். தோடு விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். எத்தனை நாளைக்குத்தான் ஒரே தோட்டைத் தேடிக்கொண்டிருக்க முடியும்? பிறகு அவள் கண்ணில் படாமல் நடமாடப் பழகிக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் நோய் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கால் வீங்கியவர்களும் உடம்பெல்லாம் சொறி பிடித்தவர்களும் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். அப்பாவோ வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நேராக நடந்துபோவார். கிட்டங்கியில் கணக்கெழுதும் கிராணி வேலை. இந்த மனிதருக்கு நோய் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? "முட்டை தின்னா தீர்ற நோயி எனக்கும் வரட்டுமே" என்று குழாயடியில் ஒரு பெண் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பாதி நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்பா மேல்தான் வந்தது.

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது, செமாபோக்கில் இருந்த அத்தை வீட்டில் காதுகுத்து வந்தது. அத்தை அப்பாவுக்கு அக்கா. இல்லாத நாளிலும் எங்கிருந்தோ தேடிப் பிடித்து விருந்து ஏற்பாடு செய்திருந்தார். தேங்காய் போட்ட மரவள்ளிக்கிழங்கு, கருவாட்டுக் குழம்பு, எல்லாவற்றுக்கும் மேலாகக் குலா மலாக்கா வெல்லம் காய்ச்சி ஊற்றிய ஜவ்வரிசிப் பாயசம். வாசலுக்கே மணம் வந்தது. அம்மா கையில் ஒரு தூக்குச்சட்டி இருந்தது. அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம் என்று புறப்படும்போதே கெஞ்சிப் பார்த்தேன். அம்மா காதில் வாங்கவில்லை.

பந்தியில் அப்பாவுக்கு எதிர்வரிசையில் நானும் தம்பியும். எல்லா இலைகளிலும் கிழங்கு விழுந்தது. அப்பா இலையில் வைக்க வந்தவரை அம்மா கைகாட்டி நிறுத்திவிட்டு, தூக்குச்சட்டியைத் திறந்து அவித்த முட்டையையும் கீரையையும் வைத்தாள். அந்த வெள்ளை முட்டை பச்சை இலையில் ஒரு சுற்று உருண்டு நின்றது. பேசிக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அத்தையின் பேரன், மூன்று வயதுப் பொடியன், "எனக்கு முட்டெ" என்று கையை நீட்டினான்.

அத்தை பிள்ளையை இழுத்துக்கொண்டு, "அது தாத்தாவுக்குடா. தாத்தா வூட்டுல பெரியவங்க முட்டை சாப்புடுவாங்க, பிள்ளைங்கதான் ஊபி சாப்புடும்" என்றார். குரலை உயர்த்தவில்லை. இரண்டு பேர் வாய்க்குள் சிரித்தார்கள்.

"அண்ணி, அவருக்கு ஆகாது. உங்களுக்குத் தெரியும்தானே" என்று அம்மா சொன்னாள்.

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். விரல் இடுக்கில் பார்த்தபோது, அப்பா தம் இலையைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு முட்டையைப் பிட்டு, பொடியனுக்குப் பாதி, தம்பிக்குப் பாதி கொடுத்தார். "அக்கா, எனக்கும் ஊபி வைங்க" என்றார். அம்மா அத்தனை பேர் முன்னாலும் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அப்பா மெதுவாக அவள் விரல்களை விலக்கினார். கிழங்கைச் சாப்பிட்டார். பாயசத்தைக் கேட்டு வாங்கிக் குடித்தார், திரும்பவும் ஊற்றச் சொன்னார். அத்தை வீட்டு மாமா அவர் முதுகில் தட்டி, "இப்பத்தான் மச்சான் நம்ம ஆளு" என்றார். பந்தி முழுக்கக் கலகலப்பு வந்தது. அத்தையே பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினார். என் அப்பாவை எல்லோருக்கும் பிடித்துவிட்டது என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அதற்குப் பிறகு அப்பா தனிச் சட்டிக்குத் திரும்பவில்லை. அம்மா அழுது பார்த்தாள், சண்டை போட்டாள், பட்டினியும் கிடந்தாள். முட்டைகள் எனக்கும் தம்பிக்கும் வந்தன. அப்பா எங்கள் கிழங்கைச் சாப்பிட்டார். நாக்கு வறண்டு குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். செருப்புக் கடித்த புண் ஆறாமல் கரண்டைக்கு மேலே ஏறியது. ஜப்பான்காரன் போவதற்கு முன்பே அப்பா போய்விட்டார்.

அன்றைக்குக் காதுகுத்து முடிந்து வெயில் தாழத் திரும்பி நடந்தோம். அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வேகமாகப் போனாள். நல்ல நாளில் இவளுக்கு என்ன கோபம் என்று நினைத்தேன். நான் அப்பாவின் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே வந்தேன். எதிரே வருகிறவர்கள் எல்லாரும் எங்களைப் பார்க்க வேண்டும்போல இருந்தது.

அப்பா குனிந்து, "இப்ப வெக்கமா இல்லதானே பாப்பா?" என்று கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். நான் வெட்கப்பட்டது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றுகூட அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.