அம்ப்ருஷின் தொப்பி

மாத்யாஷைப் புதைத்தபோது அவனுடைய தொப்பியையும் பெட்டிக்குள் வைத்து ஆணியடித்துவிட்டார்கள். அழுகிற அவசரத்தில் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. வசந்தம் வந்து, பெருவாத்தை அடை வைக்க முட்டைகளோடு நின்றபோதுதான் அவன் மனைவி ரொஸாலிக்கு உறைத்தது. வாத்து முட்டையை ஆம்பளைத் தொப்பியில்தான் கொண்டுபோய்க் கூட்டில் வைக்க வேண்டும். ஹங்கேரிச் சமவெளியில் அது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வீட்டில் தொப்பி இல்லையே என்று ரொஸாலி கூடையில் கொண்டுபோய் வைத்தாள். அத்தனையும் கூழ்முட்டை.

மாத்யாஷின் அண்ணன் கெதெயோன் வந்து கூட்டை எட்டிப் பார்த்தார். வாத்துகூட வளர்க்க முடியாத ஒற்றைப் பொம்பளைக்குத் தனி வீடு எதற்கு என்றார். இன்னும் ஒரு வசந்தம் பார்ப்போம், அப்போதும் இப்படித்தான் என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு எங்களோடு வந்துவிடு, சமையல்கட்டில் உன் ஓரகத்திக்கும் ஒத்தாசையாக இருக்கும் என்றார். ஐந்து ஆண்பிள்ளைகளின் அழுக்குத் துணியைத்தான் அவர் ஒத்தாசை என்று சொன்னார்.

அதனால் இந்த வசந்தத்தில் ரொஸாலி வெட்கத்தை விட்டு, எதிர் வீட்டு அம்ப்ருஷிடம் தொப்பி கேட்டாள். அம்ப்ருஷ் மனைவியை இழந்தவர், சேணம் தைப்பவர், வாய் திறந்து அதிகம் பேசாதவர். கறுப்புத் தொப்பியைக் கழற்றி மறுபேச்சில்லாமல் நீட்டினார். அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். குஞ்சு பொரிக்கும்வரை தொப்பி கூட்டடியிலேயே கிடக்க வேண்டும் என்பதால் அவர் வெறுந்தலையோடு தெருவில் போனார். அவருடைய தொப்பி எந்த வீட்டில் இருக்கிறது என்பதைக் கிணற்றடிப் பெண்கள் அன்று மத்தியானத்துக்குள் கண்டுபிடித்து, கல்யாணத்துக்கு நாளும் குறித்துவிட்டார்கள்.

அவரும் சும்மா இருந்தாரா? தொப்பி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்க அடிக்கடி வந்தார். அடை வாத்தைப் பார்க்க வருகிறவர் கண்ணேறு படாமலிருக்கத் தன் உடையிலிருந்து ஒரு நூல் பிய்த்துக் கூட்டில் போட வேண்டும். பாதி அடைக்காலத்திலேயே அவருடைய கோட்டுக்கு ஒரு பக்க ஓரம் இல்லாமல் போயிற்று.

முட்டைகள் பொரிக்கும் தறுவாயில், தண்ணீர் குடிக்க இறங்கிய தாய் வாத்தைப் பட்டப்பகலில் நரி தூக்கிக்கொண்டு போனது. ரொஸாலி உட்கார்ந்து அழவில்லை, அதற்கு நேரமில்லை. முட்டைகளைத் தொப்பியில் அள்ளி அடுப்போரம் வைத்தாள். வெந்நீரில் கை நனைத்துத் தெளித்தாள், புரட்டினாள், தன் இறகுத் தலையணையால் மூடினாள். ஏழு குஞ்சுகள் வந்தன. கண் திறந்ததும் அவை பார்த்தது தொப்பியை. அம்மா என்றால் கறுப்பாக, வட்டமாக, புகையிலை வாடையோடுதான் இருப்பாள் என்று அந்த ஏழும் முடிவு செய்துகொண்டன. ரொஸாலியை அவை சமையல்காரியாக வைத்துக்கொண்டன.

குஞ்சு வந்தாயிற்று, தொப்பியைத் திருப்பித் தர வேண்டியதுதானே முறை. துடைத்துக் கொடுத்தாள். அம்ப்ருஷ் அதைத் தலையில் வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தார். ஏழும் கத்திக்கொண்டே பின்னால் போயின. ரொஸாலி பாவாடை மடியில் அள்ளி வந்தாள். வேலிக்கு அடியில் புகுந்து மறுபடியும் ஓடின. அடைத்து வைத்தாள். கத்தின, இரை தொடவில்லை. மறுநாள் சின்னது ஒன்று கழுத்தைத் தொங்கப் போட்டது. கெதெயோன் வீட்டுத் துணி மூட்டை அவள் கண் முன்னால் வந்து நின்றது.

கதவைத் திறந்துவிட்டு அவற்றின் பின்னாலேயே போனாள். அம்ப்ருஷ் முற்றத்தில் சேணம் தைத்துக்கொண்டிருந்தார். குஞ்சுகள் அவர் காலைச் சுற்றி உட்கார்ந்தன. தொங்கிய கழுத்தும் நிமிர்ந்தது. அம்ப்ருஷ் ஊசியைக் கீழே வைத்தார். ரொம்ப நாளாக யோசித்து வைத்திருந்தவர்போலப் பேசினார்.

"எதுக்கு இந்த அலைச்சல் ரொஸாலி? வீட்டைப் பூட்டிட்டு இங்கயே வந்துடு. குஞ்சுங்களே வந்தாச்சு."

நல்ல மனிதர்தான். அதில் ரொஸாலிக்குச் சந்தேகமே இல்லை. அவர் வந்து நூல் பிய்த்துப் போட்ட நாட்களில் அவள் சந்தோஷமாகத்தான் இருந்தாள். ஆனால் வீட்டைப் பூட்டச் சொன்ன இரண்டாவது ஆள் இவர்.

அவள் கை நீட்டி அவர் தலையிலிருந்து தொப்பியை எடுத்தாள். தன் தலைத்துணிக்கு மேலேயே கவிழ்த்துக்கொண்டாள். காதுவரை இறங்கியது. திரும்பித் தெருவுக்கு நடந்தாள். கிணற்றடியில் வாளிகள் நின்றுபோயின. முதலில் பின்னால் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் ஏழும் கத்திக்கொண்டே ஓடி வந்தன.

அம்ப்ருஷ் வாசல்வரை வந்து நின்றார். "ரொஸாலி, அப்ப என் தொப்பி?"

அவள் தன் வீட்டுக் கதவைத் திறந்து, கடைசிக் குஞ்சும் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டாள்.

"இங்கதான் இருக்கும். போட்டுக்கணும்னு தோணுச்சுன்னா நீங்க இங்க வந்துடுங்க. எடுத்துட்டு மட்டும் போக முடியாது."