யோகநாதனின் காணாமல் போன நாவல்

போன வாரம் துக்கம் விசாரிக்கப் போனேன். யாரும் சாகவில்லை. ஒரு நாவல் போயிருந்தது.

யோகநாதன் பெல்மதுளைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியர். றப்பர் பால் வெட்டும் பெண்களைப் பற்றிப் பல வருடமாக நாவல் எழுதி வந்தார். யாருக்கும் காட்டியதில்லை. லெப்டொப்பின் ‘ஈ’ டிரைவில் மட்டும் இருந்தது.

தோட்டத்துக் கோயிலில் திருவிழா. சவுண்ட் செட்காரரின் பழைய மெஷின், யோகநாதன் கொடுத்த பென் டிரைவை வாசிக்கவில்லை.

“ஃபோர்மட் அடிச்சு, பாட்ட திரும்ப ஏத்திக் குடுங்க சேர். பூசை தொடங்கப் போகுது.”

யோகநாதன் அவசரமாக அடித்தார்... பென் டிரைவை அல்ல, ‘ஈ’ டிரைவை. அதோடு நிற்காமல் அம்மன் பாட்டு எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றினார். பென் டிரைவை மெஷின் மறுபடியும் வாசிக்காதபோதுதான் பிழை புரிந்து தலையில் கை வைத்தார்.

மறுநாள் சலூனில் இதே பேச்சு.

“அப்படி ஒரு நாவல் தமிழ்லயே வந்ததில்லயாம்ணே,” என்றார் சலூன்காரர்.

“நீங்க படிச்சீங்களா?”

“அதான் போயிருச்சே. எப்படிப் படிக்கிறது?”

நான் மூன்று புத்தகம் போட்டவன். மூன்றும் பத்திரமாக இருக்கின்றன — பெரும்பாலும் என் கட்டிலுக்கு அடியில். ஒன்றை இதே சலூன்காரருக்கு இலவசமாகக் கொடுத்தேன். அதைப் பற்றி அவர் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இல்லாத நாவலுக்கு இவ்வளவு விமர்சனமா?

யோகநாதனை டவுனில் கம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ஃபாரிஸிடம் கூட்டிப் போனேன்.

“ஃபோர்மட் மட்டும்னா எடுத்துரலாம் சேர். அதுக்கு மேல ஏதும் ஏத்தினீங்களா?”

“அம்மன் பாட்டு...”

“அனே! பாட்டு உக்காந்த எடம் கரைச்சல்தான். மிச்சத்தைப் பாப்போம்.”

மீட்கும் மென்பொருள் ஓடத் தொடங்கியது. திரையில் பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. யோகநாதன் கண்ணை மூடிக்கொண்டார். நான் மூடவில்லை. அது பாதியில் நின்றுவிட வேண்டும் என்று நினைத்தேனா? நினைக்கவில்லை என்று சத்தியம் செய்ய முடியாது.

நிற்கவில்லை. கோப்புகள் வந்தன; பெயர்கள் வரவில்லை, வெறும் எண்கள். பரீட்சைத் தாள்களோடு அத்தியாயங்களும் கலந்து கிடந்தன. யோகநாதன் மவுஸை என் பக்கம் தள்ளினார். நானே ஒவ்வொன்றாகத் திறந்து வரிசைப்படுத்தினேன். வாசிக்காமல் எப்படி வரிசைப்படுத்துவது?

மழை விட்ட காலை. ஒரு பெண் மரத்தைத் தொட்டுப் பார்க்கிறாள். பட்டை காய்ந்திருந்தால் இன்றைக்கு வெட்டலாம். ஈரமென்றால் வேலை இல்லை. தொட்ட விரலை மகனின் கன்னத்தில் வைத்து, “நீ சொல்லு, ஈரமா?” என்கிறாள்.

அந்தப் பெண்களைத் தினமும் பார்க்கிறவன் நான். இதை ஏன் நான் எழுதவில்லை?

கடைசிக்கு முந்திய அத்தியாயம் மட்டும் வரவில்லை. அந்த இடத்தில் அம்மன் உட்கார்ந்திருந்தாள்.

“பரவால்லண்ணே, மத்ததெல்லாம் வந்துருச்சே,” என்று யோகநாதன் கண்ணைத் துடைத்தார். “அந்த ஒண்ண அப்படியே விட்டுரவா? ‘இங்கே ஓர் அத்தியாயம் தொலைந்தது’னு மட்டும் போட்டுருவோமா?”

எனக்குத் திக்கென்றது. அந்த ஒற்றை வரியை ஊரே கொண்டாடும். நாவலின் உயிரே தொலைந்த அத்தியாயத்தில்தான் இருந்தது என்பார்கள். சலூனில் அதற்குத் தனிக் கூட்டமே நடக்கும்.

“விடக் கூடாது தம்பி. இன்னைக்கே உக்காந்து திரும்ப எழுதுங்க. ராத்திரி சாப்பாடு நம்ம வீட்டுல.”

“எம்மேல இவ்வளவு அக்கறையாண்ணே?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

எழுதிய அத்தியாயத்தோடு போட்டி போடலாம். இல்லாததோடு யாரால் முடியும்?