பதினெட்டாவது பெட்டியும் நாகேஸ்வரி அக்காவும்

நாகேஸ்வரி அக்கா போன செவ்வாய்க்கிழமை காலை மாரடைப்பில் காலமானார். வயது ஐம்பத்துமூன்று. ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட் பகுதியில் இருக்கும் என் கொம்பியூட்டர் கடையின் பின்னறையில் பத்து மாதமாக மதர்போர்ட் திருத்தியவர் அவர்தான். என் கடையில் கொம்பியூட்டர்ப் பெட்டி வாங்கிய உங்களில் பலர் அவரை அங்கே கண்டிருப்பீர்கள்.

செய்தியைச் சொன்னவர் அவருடைய கணவர் பரமசிவம் அண்ணை. பத்து மணியளவில் தொலைபேசியில், "நாகேசு எங்களை விட்டிட்டுப் போட்டா, தம்பி" என்றார். நான் "ஆர் கதைக்கிறது?" என்று இரண்டு தரம் கேட்டேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிவரை பின்னறையில் நின்று வேலை செய்தவர் செவ்வாய்க்கிழமை இல்லையென்றால் எப்படி நம்புவது? கடையில் கூட்டம் நிற்கும் நேரத்தில் என்னை வெளியே கிளப்ப யாரோ செய்யும் வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். போனை வைத்துவிட்டு அவர்களுடைய வீட்டு இலக்கத்தை நானே அழுத்தித் திரும்ப எடுத்தேன். அதே குரல். அதன் பிறகுதான் கதிரையில் இருந்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அக்காவிடம் சொல்லியிருந்தால், செய்தது சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பிப் பழகியவர்கள் அல்ல. சந்தேகப்பட்டே பழகியவர்கள்.

அவர் முதலில் வந்தது போன மார்கழியில். மகளுக்குக் கொம்பியூட்டர் பார்க்க என்றார். மேசையில் மூடி கழற்றியபடி ஒன்று இருந்தது. விலையைக் கேட்கவில்லை. குனிந்து உள்ளே பார்த்தார். "உந்தப் போர்ட் பாரத்திலை, கடும் வேலை குடுக்கேக்கை, வோல்ட் இறங்குமெல்லே?" என்று கேட்டார். இருபது வருடமாக வியாபாரம் செய்கிறேன். பொருளில் குறை சொல்பவர் விலையைக் குறைக்கப் போகிறார் என்பது எனக்குப் பாடம். இல்லை அக்கா, எல்லாம் சோதித்த சாமான் என்றேன். அவர் வாதாடவில்லை, வாங்கவுமில்லை. மார்க்கம் நகரில் சர்க்கிட் போர்ட் செய்யும் தொழிற்சாலையில் பதினொரு வருடம் நின்றவர் என்றும், வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள் என்றும் சொல்லி, என் கடைக் கார்ட்டின் பின்பக்கத்தில் தன் இலக்கத்தை எழுதி வைத்துவிட்டுப் போனார். எதிர்க்கடைக்காரன் அனுப்பிய ஆள் என்று முடிவு கட்டினேன். ஆனாலும் கார்ட்டை எறியவில்லை.

அந்த மார்கழியில்தான் இராசநாயகம் அண்ணையின் வரிக்கணக்கு அலுவலகத்துக்குப் பதினெட்டுப் பெட்டி கொடுத்திருந்தேன். போர்ட்டுகளை மொத்த வியாபாரி ஒருவரிடம் மலிவாக வாங்கினேன். ஏன் மலிவு என்று நான் கேட்கவில்லை. காலையில் எல்லாம் ஒழுங்காக ஓடும். ஒரே நேரத்தில் நான்கைந்து பேருடைய கணக்கைப் போடச் சொன்னால் திரை அப்படியே உறைந்துவிடும். தை மாதம் பிறந்து பத்து நாளில் அண்ணை கடைக்கு வந்தார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"முதலாளி, மாசி முதலாம் திகதிக்குள்ளை திருத்தித் தாரும். இல்லாட்டிப் பதினெட்டையும் உம்மடை வாசல்ல இறக்குவன். படிவம் நிரப்ப வாற ஒவ்வொருத்தருக்கும் எங்கை வாங்கினதெண்டும் சொல்லுவன்."

ஸ்காபரோவில் பாதித் தமிழ்க் குடும்பங்கள் பங்குனியிலும் சித்திரையிலும் அவருடைய மேசைக்கு முன்னால் வந்து இருப்பவை. அங்கே என் பெயர் கெட்டால் வேறெங்கும் கடை திறக்க முடியாது. மொத்த வியாபாரியோ போர்ட்டில் பிழையில்லை, பூட்டினவனில்தான் பிழை என்று கையை விரித்துவிட்டார். அன்றைக்கே அந்தக் கார்ட்டைத் தேடி எடுத்தேன்.

அக்கா மதியச் சாப்பாடு கொண்டுபோகும் பை ஒன்றில் ஈயம் பற்றவைக்கும் கோலைத் துவாயில் சுற்றிக்கொண்டு வந்தார். ஒரு பெட்டியைத் திறந்தோம். நான் புதிதாக வாங்கிய மீற்றரை எடுத்து நானே அளந்தேன். இரண்டு வோல்ட், ஒரு புள்ளி குறையவில்லை. அவருடைய பொய்யைப் பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம். "எங்கை அக்கா இறங்குது?" என்று கேட்டேன்.

அவர் பையிலிருந்து புதுப் பற்றரி ஒன்றை எடுத்து, முதலில் அதை என் மீற்றரால் அளந்தார். "முதல்ல மீற்றரைச் சந்தேகப்படோணும். பிறகு போர்ட்டை. கடைசியா ஆக்களை" என்றார். மீற்றர் சரியாக இருந்தது. பிறகு கடுமையான கணக்கு ஒன்றை ஓடவிடச் சொல்லி, அளக்கும் முனையை நான் வைத்த இடத்திலிருந்து எடுத்துப் புரொசெசர் உட்காரும் இடத்தின் உலோகக் காலில் வைத்தார். எண் இறங்கியது. ஒன்று தசம் எட்டு ஆறு.

"சும்மா நிக்கேக்கை எல்லாம் நல்லாத்தான் நிக்கும், தம்பி. பாரத்தைக் குடுத்துப் பாக்கோணும்."

அவர் விளக்கியதை எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். போர்ட்டின் ஓரத்தில் மின்சாரத்தைச் சீராக்கிப் புரொசெசருக்கு அனுப்பும் பகுதி ஒன்று இருக்கிறது. அது தன் வாசலில் இரண்டு வோல்ட் நிற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும். புரொசெசர் கடும் வேலை செய்யும்போது கூடுதலாக இழுக்கும்; அனுப்பியதில் கொஞ்சம் வழியிலேயே கரைந்துவிடும். வாசலில் நிற்பவனுக்கு அது தெரியாது. அக்கா போர்ட்டின் பின்பக்கத்தில் நூல்போன்ற செம்புக் கோடு ஒன்றைச் சவர அலகால் வெட்டினார். சீராக்கும் பகுதியின் அளவு பார்க்கும் காலுக்குப் புரொசெசரின் அடியிலிருந்தே மெல்லிய கம்பி ஒன்றை இழுத்துப் பற்றவைத்தார். மின்சாரம் போகும் வழியில் தடித்த செம்புக் கம்பி ஒன்றைப் படுக்கவைத்தார். புதுப் போர்ட்டில் அலகு பட்டுவிட்டது. இனி அதை எவரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். மறுபடி பாரத்தைக் கொடுத்தோம். ஒன்று தசம் ஒன்பது எட்டு. இரண்டு மணித்தியாலம் ஓடியும் உறையவில்லை. போர்ட்டுக்கு எட்டு டொலர் என்று பேசிக்கொண்டோம்.

நான் அதோடு நிம்மதியடைந்தேன் என்று நினைக்கவேண்டாம். பதினெட்டுப் புரொசெசரும் அவருடைய கைக்குப் போகின்றன. நல்லதை எடுத்துவிட்டுப் பழையதைப் பூட்டினால் எனக்கு எப்படித் தெரியும்? அவற்றையும் விற்ற மொத்த வியாபாரியின் பில்லைப் பார்த்துப் பதினெட்டின் தொடர் இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பின்னறைக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோகும் சாட்டில் எட்டிப் பார்ப்பேன். அவர் திரும்பாமலே, "சீனி காணாது" என்பார்.

ஒன்பது நாளில் பதினேழு பெட்டி முடிந்தது. பதினெட்டாவது மட்டும் சொல்பேச்சுக் கேட்கவில்லை. அதே வெட்டு, அதே கம்பி. பாரத்தைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் உறைந்தது. உங்களுடைய கையில்தான் பிழை என்றேன். அவர் விசிறியைக் கழற்றிப் புரொசெசரை எடுத்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி இலக்கத்தை வாசித்தார். நான் சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்தேன். அவரும் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். அவரும் எழுதி வைத்திருந்தார்! நான் பழி போடுவேன் என்று முதல் நாளே சந்தேகித்து, பெட்டியைத் திறந்தவுடன் ஒவ்வொன்றின் இலக்கத்தையும் பென்சிலால் எழுதியிருந்தார். இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பதினேழும் பொருந்தின. பதினெட்டாவது பொருந்தவில்லை.

"மாத்திப்போட்டியள் அக்கா" என்றேன். உண்மையாகவே அப்படித்தான் நம்பினேன்.

அக்கா பற்றவைக்கும் கோலைத் தாங்கியில் வைத்தார். புரொசெசரை என் முகத்துக்கு நேரே பிடித்தார். ஓரத்தில் நீல மையில் '9' என்று இருந்தது. வாங்கிய மாதத்தை அப்படி எழுதுவது என் வழக்கம்.

"உது ஆற்றை எழுத்து?"

அப்போதுதான் நினைவு வந்தது. நத்தார்ப் பண்டிகைக்கு முந்தின கிழமை ஒருவர் அவசரமாக வந்து நின்றார். இராசநாயகம் அண்ணைக்கென்று வைத்திருந்த புரொசெசர் ஒன்றை அவருக்கு விற்றேன். குறைந்த இடத்துக்கு, ஒன்பதாம் மாதமான புரட்டாதியில் வாங்கிய மெதுவான ஒன்றைப் போட்டு, திரையில் கிட்டத்தட்ட அதே வேகம் காட்டும்படி அதைத் துரத்தி ஓடவிட்டேன். பிறகு மாற்றலாம் என்று நினைத்தேன், மறந்தும் போனேன். மறப்பது எனக்கு வசதியாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். தன் அளவுக்கு மேல் ஓடும் புரொசெசரை எந்தக் கம்பி காப்பாற்றும்?

அக்கா சத்தம் போடவில்லை. சரியான புரொசெசர் வந்தால்தான் பதினெட்டாவதைத் தொடுவேன் என்றார். மொத்த வியாபாரியிடம் அன்றைக்கு இருக்கவில்லை. எதிர்க்கடைக்குப் போய் முழு விலை கொடுத்து வாங்கினேன். அவன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. திரும்பி வந்தபோது அக்கா சொன்னார்:

"தம்பி, போர்ட்டுக்கு எட்டு டொலர் சொன்னனான். இனிப் பன்னிரண்டு."

"நாலு டொலர் ஏன் அக்கா கூட?"

"உம்மைப் பாத்துக்கொண்டு வேலை செய்யிறதுக்கு."

இராசநாயகத்துக்கு இதை நீர் சொல்லுவீரோ என்றும் கேட்டார். சொல்லுவேன் என்றேன். சொல்லவில்லை. தை மாதம் முடிய முன்னமே பதினெட்டும் போய்ச் சேர்ந்தன. அந்த வரிப் பருவம் முழுக்க ஒன்றும் உறையவில்லை. கடையின் பெயர் தப்பியது. அக்கா பின்னறையிலேயே வேலைக்கு நின்றுவிட்டார்.

ஆனால் வைகாசியில் அண்ணை வேறொரு வேலையாக வந்தபோது என்னைத் தாண்டிப் பின்னறையைப் பார்த்து, "அக்கா நிக்கிறாவோ?" என்று கேட்டார். பில்லில் என் கையெழுத்துக்குப் பக்கத்தில் அக்காவின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டு போனார். அன்றிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். அக்கா சொல்லிவிட்டாரா? இரண்டு தரம் கேட்டேன். முதல் தரம் அடுத்த போர்ட்டை எடுத்தார். இரண்டாந்தரம் தலையை நிமிர்த்தி, "நீர் சொல்லியிருந்தா உமக்கு இந்தக் கேள்வியே வந்திராது" என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. அந்தப் பதிலை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது எது என்று இந்த நாட்களில் யோசித்தேன். அந்த வேலை எனக்கு வராது. பற்றவைக்க அவரோடு தொழிற்சாலையில் நின்ற ஒரு பெண்ணைக் கேட்டிருக்கிறேன். அந்தப் பெண் என்னைப் பார்த்த பார்வையிலேயே ஏதோ கேள்விப்பட்டிருக்கிறார் என்று தெரிந்தது. எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்: ஒரு பெட்டி கோளாறென்று திரும்பி வந்தால், சந்தேகப்படவேண்டியவர்களில் என் பெயரையும் சேர்த்துக்கொள்வது. முன்பு அந்த வரிசையில் உலகத்தில் எல்லாரும் இருந்தார்கள், என்னைத் தவிர.

வெள்ளிக்கிழமை மலர்ச்சாலையில் அக்காவின் உடலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது, கார் நிறுத்துமிடத்தில் இராசநாயகம் அண்ணை நின்றார். பதினெட்டாவது பெட்டியின் கதையை அங்கே வைத்து முழுதாகச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. முன்பே தெரியுமா, கணக்காளர்களின் முகமே அப்படியா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, "புது வருசத்துக்குப் பன்னிரண்டு பெட்டி உம்மட்டைச் சொல்லி வைச்சனான். அக்கா இல்லை. இனி உம்மை ஆர் பாக்கிறது?" என்று கேட்டார்.

நீங்களே பாருங்கோ என்றேன். குளிரில் நின்று பேசி முடித்தோம். பன்னிரண்டு பெட்டி, முன்பு சொன்ன விலை. மூடியைக் கடையில் பூட்டக்கூடாது. அவருடைய மேசையில் புரொசெசரை எடுத்து இலக்கத்தைக் காட்டவேண்டும். இரண்டு மணித்தியாலம் பாரத்தில் ஓடவிட்டு, புரொசெசரின் காலில் வைத்த மீற்றரை அவரே வாசித்து, அவருடைய கையாலேயே எழுதிய பிறகுதான் பூட்டலாம். ஒன்று உறைந்தாலும் பன்னிரண்டையும் நான் திருப்பி எடுக்கவேண்டும்.