மொட்டை எலிகளும் ரூபினியும்

ரூபினி குளுவாங் தோட்டத்துப் பெண். செடெனாக் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் என் பக்கத்து மேசை. மார்பகப் புற்று நுரையீரலுக்குப் பரவாமல் தடுக்க ஒரு மருந்தோடு நான்கு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தை, மார்பிலிருந்த கட்டியை அறுத்தெடுத்த பிறகும், புற்று நுரையீரலில் பரவித்தான் இறந்துபோனார். அதனால் அவளுக்கு இது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல.

அந்த மருந்து புற்றை நேராகத் தாக்காது. உடம்பிலுள்ள தற்காப்பு அணுக்களைத் தட்டி எழுப்பிவிடும்; அடிப்பது அவற்றின் வேலை. ஆகவே, அந்த அணுக்கள் குறையில்லாமல் இருக்கும் எலிகள் வேண்டும் என்று கேட்டாள். எங்கள் தலைவர் டாக்டர் கமலநாதன் என்ன செய்தார் தெரியுமா? வேறோர் ஆய்வில் மிஞ்சிய மொட்டை எலிகளை அவள் தலையில் கட்டிவிட்டார். மனிதப் புற்று ஒட்டி வளரட்டும் என்றே, அந்த அணுக்கள் இல்லாமல் பிறக்க வைத்த எலிகள் அவை!

"மருந்து யார எழுப்பும் டாக்டர்? வீட்டுல ஆளே இல்லையே," என்றாள் ரூபினி.

"அலமாக், புது எலி வர மாசக்கணக்கா ஆகும். நிதி குடுத்தவங்களுக்கு ரிசல்ட் காட்டணும். இருக்கறத வெச்சு செய்ங்க லா," என்று அலுத்துக்கொண்டார் டாக்டர்.

வேறு வழியில்லாமல் செய்தாள். மருந்து கொடுத்த எலி, கொடுக்காத எலி, இரண்டின் நுரையீரலிலும் ஒரே மாதிரி, புற்று பரவிய வெள்ளைப் புள்ளிகள். வேறென்ன இருக்கும்? கூட்டத்தில் டாக்டர் கொஞ்சமும் கூசாமல் சொன்னார்:

"மருந்து வேல செய்யல. அதே மாதிரி எலியில இன்னொரு தடவ பாத்துட்டு மூடிடலாம்."

தோற்றது மருந்தா, எலியைத் தேர்ந்தெடுத்தவரின் அவசரமா? ஆய்வுக்குப் புதிதாக வந்த மாணவன்கூடச் செய்யக் கூசும் தப்பு இது.

ரூபினி எழுந்தாள். "நான் செய்யமாட்டேன் டாக்டர்."

"என்னம்மா, எலி மேல அவ்ளோ பாசமா?" டாக்டர் சிரித்தார்.

"பாசம் இல்ல டாக்டர். ஒவ்வொன்னையும் என் கையாலதான் கொன்னேன். எதுக்குனு யாராவது கேட்டா நான் என்ன சொல்றது? எதுக்கும் இல்லன்னு சொல்லவா?"

மறுவாரமே அந்த வேலையை வேறொருவரிடம் மாற்றினார்கள். அவரும் அதே வகை எலிகளைக் கொன்றார், அதே புள்ளிகளைப் பார்த்தார். மருந்து பயனற்றது என்று அறிக்கை போய்விட்டது. அது உண்மையில் பயன்படுமா, படாதா என்று இன்றுவரை எவருக்கும் தெரியாது, டாக்டர் கமலநாதனுக்கும்தான்.