ஜப்பான் சார் போட்ட மாங்கா

எண்ணூர் ரோட்டில் இருக்கும் எங்கள் கம்பெனியில், ஆயுத பூஜை அன்று கேட்டில் பூசணிக்காய் உடைப்பது யார் என்பதற்கு ஒரு முறை உண்டு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மெயின்டனன்ஸுக்கும் ஸ்டோர்ஸுக்கும் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் மேட்ச். ஜெயித்தவன் உடைப்பான், தோற்றவன் சிதறினதைப் பெருக்குவான். நான் மெயின்டனன்ஸ் கேப்டன். வருஷா வருஷம் துடைப்பம் பிடித்து எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்த சமயத்தில்தான் ஜப்பான் சார் வந்து சேர்ந்தார்.

புதிதாக இறக்கிய மெஷினைப் பூட்டி ஓட்டிக்காட்ட அவரை அனுப்பியிருந்தார்கள். ஐம்பதைத் தொட்ட ஆள். வலது தோள் மட்டும் தனியாக உருண்டு திரண்டிருக்கும். அவருக்குத் தமிழ் வராது, எனக்கு ஜப்பான் பாஷை வராது. அவருடைய போன் நடுவில் புகுந்து, செய்தி வாசிக்கிற குரலில் மொழிபெயர்க்கும். ஒருநாள் டீ குடிக்கும்போது தோளைக் காட்டி, "இன்னா சார் இது?" என்று கேட்டேன்.

"நான் தொழில்முறை பேஸ்பால் வீரனாக இருந்தேன். பந்து எறிவது என் பணி" என்றது போன்.

டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

அவர் மேலும் சொன்னார். ஆட்டத்தை ஆரம்பிக்கிறவன் வேறொருவன். அவன் அடிவாங்கித் திணறும்போதுதான் இவரைக் கூப்பிடுவார்கள். அதுவரை மைதானத்து ஓரத்தில் கூண்டு மாதிரி ஓர் இடத்தில் தோளைச் சூடாக்கிக்கொண்டே இருக்க வேண்டும். பல நாள் கூப்பிடவே மாட்டார்களாம். சும்மா சூடாகி, சும்மா ஆறி, வீட்டுக்குப் போவார். கூப்பிட்டாலும் இரண்டு மூன்று பேரை அவுட்டாக்கினதும் பந்தை வாங்கி, முடித்துவைப்பதற்கென்றே வைத்திருக்கும் இன்னொருவனிடம் கொடுத்துவிடுவார்கள்.

"அப்போ நீ ஸ்டெப்னியா சார்?" என்றேன்.

போன் அதை எப்படிச் சொன்னதோ, ரொம்ப நேரம் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. "நான் ஓர் ஆட்டத்தைக்கூட முடித்ததில்லை. கடைசிப் பந்து என் கையிலிருந்து போனதே இல்லை" என்றது போன். அந்தக் குரலுக்குத் துக்கமும் தெரியாது, ஒரு எழவும் தெரியாது. அவர் முகத்தில் தெரிந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"சார், ஞாயித்துக்கெழம லாஸ்ட் ஓவர் உன்னுது. நீதான் முடிக்கிற" என்று கையைப் பிடித்துக் குலுக்கினேன்.

ஷெட்டுக்குப் பின்னால் எறிந்துகாட்டச் சொன்னோம். காலைத் தூக்கி, உடம்பை முறுக்கி, ஒரே எறி. தகரக் கதவு அதிர்ந்த சத்தத்தில் வாட்ச்மேன் ஓடி வந்தார். ஸ்டோர்ஸ்காரன் செத்தான் என்று அன்றைக்கே நாங்கள் கொண்டாடிவிட்டோம்.

மேட்ச் காத்திவாக்கம் மைதானத்தில். அம்பயர், எங்கள் கேட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. தெற்கத்திக்காரர். சர்ச் முடித்து வெள்ளைச் சட்டையோடு நேராக வந்துவிடுவார். சொந்தத் தம்பி ஆடினாலும் அவுட் என்றால் அவுட்தான். ஜப்பான் சார் எல்லைக்கோட்டுக்கு வெளியே, மீன்வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில், காலையிலிருந்து தோளைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். கடைசி ஓவர் வந்தது. ஸ்டோர்ஸுக்கு ஏழு ரன் தேவை. நான் கையைத் தூக்கினேன். ஓடி வந்தார், தொப்பியைக் கழற்றிக் குனிந்து வணங்கினார், பந்தை வாங்கிக்கொண்டார். எங்கள் கீப்பர் சேஃப்டி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

பந்து போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஸ்டம்பு பறந்தது. நாங்கள் குதித்து முடித்துத் திரும்பினால், அண்ணாச்சி பக்கவாட்டில் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார்.

"நோ-பால். இது போடுததில்ல, எறியுதது. சுத்த மாங்கா."

கையை மடக்கி எறிந்தால் எங்கள் பக்கம் அதற்கு மாங்கா என்று பேர். மரத்தில் கல் விடுகிற கை அது. "மாங்கா, மாங்கா" என்று தெருவில் கத்திக் கத்தி வளர்ந்தவர்கள் நாங்கள். மாங்கா எறிவதற்கென்றே சம்பளம் வாங்கின ஆளைக் கூட்டி வந்திருக்கிறோம் என்பது எங்களில் ஒருத்தன் மண்டையிலும் உறைக்கவில்லை!

"இன்னா அண்ணாச்சி பேஜார் பண்ற!" என்று பாய்ந்தேன்.

"கைய நீட்டிப் போடச் சொல்லுங்க, நா ஏன் நோ-பால் சொல்லப்போறேன்?"

நீட்டிப் போடக் காட்டிக்கொடுத்தேன். அந்தப் பந்து வலைமேல் போய் விழுந்தது. வைட், கோட்டைத் தாண்டினதால் நாலு ரன்னும் சேர்த்து ஐந்து. மறுபடி மாங்கா, மறுபடி நோ-பால். பேட்ஸ்மேன் கண்ணை இறுக மூடி, பேட்டைக் குடை மாதிரி பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பந்தையும் தொடாமலே ஸ்டோர்ஸ் ஜெயித்தது. கணக்குப்படி ஓவரில் முதல் பந்தே இன்னும் விழவில்லை.

ஜப்பான் சார் என்னிடம் வந்து இரண்டு கையாலும் பந்தை நீட்டினார். யாரோ தன்னை மாற்ற வருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். மேட்ச் முடிந்துவிட்டதைப் போன் சொன்னதும், மைதானத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆயுத பூஜைக்கு மறுநாள் அவருக்கு விமானம். மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து, கடைசியாகப் பூசணிக்காய். ஸ்டோர்ஸ் கேப்டன் அதைக் கையில் ஏந்திக்கொண்டு கெத்தாக நின்றான். மேட்சுக்கு அப்புறம் அவனோடு எனக்குப் பேச்சுவார்த்தையே இல்லை. மானத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு அவனிடம் போனேன்.

"மாமு, அத்த ஜப்பான் சார் கைல குடு."

"இன்னாத்துக்கு? தோத்தவன் தொடப்பம்தான புடிக்கணும்?"

"அந்தாளு இதுவரிக்கும் ஒண்ணத்தையும் கடசியா முடிச்சதே இல்லயாம். இத்தோட பூஜ முடியுது. அவரு முடிக்கட்டும்."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "ஸ்டோர்ஸ்தான் கெத்துனு எல்லாரு முன்னாலயும் கத்து, குடுக்கறேன்."

கத்தினேன். ஒரே விசில், கைதட்டல். பாவி, "கேக்கல மாமு" என்று இன்னொரு முறை கத்தவைத்தான்.

கற்பூரம் காட்டிச் சுற்றிய காயைக் காலடியில் போட்டு உடைக்க வேண்டும். இதை அவருக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அண்ணாச்சி கொடுத்த சின்னக் காய் அது. கையில் வாங்கி என் கண்ணைப் பார்த்தார். தலையாட்டினேன். காலைத் தூக்கினார், உடம்பை முறுக்கினார். "ஐயோ சார்!" என்று நான் கத்துவதற்குள் பூசணிக்காய் கேட்டைத் தாண்டிப் பறந்து, துறைமுகத்துக்கு வரிசை கட்டி நின்ற கன்டெய்னர் லாரி ஒன்றின் பின்கதவில் வெடித்தது.

"எவன்டா அவன் கஸ்மாலம்!" என்று டிரைவர் குதித்து இறங்கினான். கதவில் வழிந்த குங்குமத்தைப் பார்த்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டான். "நேத்துலருந்து நின்னுகினே கீறேன் நைனா. இனிமேலாவது லைன் நவுருதா பாப்போம்" என்று ஏறிக்கொண்டான்.

எல்லோரும் எதிர்க் கடையைப் பார்த்தோம். அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்து, நிதானமாக ஒரு விரலைத் தூக்கினார். அவுட்.

ஜப்பான் சார் சுற்றுமுற்றும் பார்த்தார். தன்னை மாற்ற வருகிறவனைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. வெறுங்கையை விரித்துக் காட்டினேன்.

"ஆரும் வரமாட்டான் சார். முடிஞ்சிச்சி. நீதான் முடிச்ச."

போன் அவர் பாக்கெட்டிலேயே இருந்தது. ஆனாலும் புரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் அழுகிற ஆள் இல்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று ரோட்டுக்குப் போய்விட்டேன்.