சொந்தக் காரணம்

தடவிப் பார்த்தும் அகப்படாத ஒன்றை இல்லை என்றே எடுத்துக்கொள்ளலாமா? வெள்ளைத்துரையின் பிழைப்பே இந்தக் கேள்வியில்தான் ஓடியது. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலில், வேலைக்கு வரும் ஆண்களைச் சோதனை போட்டு உள்ளே விடுவது பத்தொன்பது வருஷமாக அவர் வேலை. தீப்பெட்டியோ பீடியோ அவர் கையைத் தாண்டிப் போனதில்லை.

இரண்டாயிரத்து ஏழு பிப்ரவரியில், திருநெல்வேலியில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த மகள் மாரிசெல்வி பாதி செமஸ்டரில் பெட்டியோடு வந்து இறங்கினாள். ஏன் என்றதற்கு, "பிடிக்கலப்பா" என்றாள். அவர் நம்பவில்லை. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துப் பெட்டியைக் கவிழ்த்தார். துணி மடிப்புகளை உதறினார். நோட்டுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். படிப்பிலிருந்து விலகும் விண்ணப்பம் ஒன்று கிடைத்தது. தகப்பன் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் சீட்டு போய்விடும். போடாவிட்டால் திங்கட்கிழமை அவள் வகுப்புக்குத் திரும்பியாக வேண்டும். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று எழுதியிருந்தாள்.

சொந்தமா! அவருக்குப் பொறி தட்டியது. சொந்தத்தில் அவளுக்கு முறையானவன் ஒருத்தன்தான், அக்காள் ஆவுடைத்தாயின் மகன் முனியராஜ். சட்டையை மாட்டிக்கொண்டு நேரே அங்கே போனார்.

"எக்கா, ஒம்மவன் எங்க? எம்மவ படிப்பையே கெடுத்துட்டான்லா!"

பட்டாசுக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய் நிமிர்ந்தாள். "எவன் சொன்னான்?"

"அவளே எழுதியிருக்கா, சொந்தக் காரணம்னு."

அக்காள் மடியிலிருந்த குழாய்கள் உருண்டோடச் சிரித்தாள். "ஏலே கூறுகெட்டவனே! அவன் திருப்பூர்ல கலியாணம் முடிச்சு, போன மாசம் புள்ளைக்கு மொட்டையும் போட்டாச்சு. கெடா வெட்டுல எலும்பு கடிச்சவன் நீதான? சொந்தக் காரணம்னா வெளிய சொல்ல முடியாத காரணம்லே!"

அந்தச் சிரிப்பு அவர் சந்தேகத்தைத் தீர்க்கவில்லை. வெளியே சொல்ல முடியாதது என்றால் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.

வீட்டில் மாரிசெல்வி கலைந்து கிடந்த துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"எவனும் எதும் சொன்னானா?"

"இல்லப்பா."

"எவன்ட்டயும் ஏமாந்துட்டியா?"

"இல்ல."

"பொறவு என்னத்த மறைக்கே?"

அவள் எழுந்தாள். கம்பெனி வாசலில் வரிசையில் நிற்கிறவர்களைப் போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நின்றாள்.

"பாத்துக்கிடுங்க."

வெள்ளைத்துரை அந்தக் கைகளைப் பிடித்து இறக்கிவிட்டார். அதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட முடியாது. மறுவாரம் அவளுக்கு வந்த கடிதத்தை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உறையோடு வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவரும் அவர்தான். ஆனால் அன்றைக்கு, அவளிடம் மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல், விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஏன் போட்டீக என்று மனைவி வேலுத்தாய் எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். அந்தச் சொந்தக் காரணத்தை அவர் சொன்னதில்லை.