எல்லைக்கு உட்பட்ட சந்திப்பு

அந்த வெள்ளிக்கிழமை மதியம் அழைப்பு வந்தபோது, மறுநாள் சந்திப்புக்காக அறையில் நாற்காலிகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தேன். ஈப்போவில் உள்ள ஒரு சிறுவர் இல்லத்தில் எனக்கு வேலை. நீதிமன்ற உத்தரவின்பேரில் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்ட பிள்ளைகள் தங்கள் குடும்பத்தாரைப் பார்க்க நாளும் இடமும் குறித்து, கண்காணிப்போடு அந்தச் சந்திப்பை நடத்திக் கொடுப்பதே அந்த வேலை. அழைத்தவர் இரண்டு பிள்ளைகளின் தாய்.

"மிஸ், நாளைக்கு என்னால வர முடியாது."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாதான் இருக்கு. காப்புக் கட்டிட்டேன்."

நாற்காலியைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். அவர் குடியிருந்த பழைய தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா தொடங்கியிருந்தது. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர்கள், விழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள முறை. விழா முடிய இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது.

அவருடைய மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. வீட்டில் உடனிருந்த ஆண் அந்தச் சிறுமியை அடித்து வந்ததைப் பள்ளி ஆசிரியை கண்டுபிடித்த பிறகே பிள்ளைகள் இல்லத்துக்கு வந்தார்கள். அவன் பிறகு எங்கோ தெற்கே போய்விட்டான். பிள்ளைகளை நெருங்கக் கூடாது என்று அவனுக்குத் தடையும் உண்டு. தாயின் கை பிள்ளைமேல் பட்டதே இல்லை. ஆனால் அடி விழும்போது அவர் தடுக்கவில்லை, பார்த்துக்கொண்டு நின்றார் என்று பதிவாகியிருந்தது. அவர்மீது இருந்த குற்றச்சாட்டு அது ஒன்றுதான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வழக்கு விசாரணை. பிள்ளைகள் தாயிடம் திரும்புவதா, இல்லத்திலேயே தொடர்வதா என்று அன்று முடிவாகும். விசாரணையை நீதிமன்றம் திடீரென முன்னுக்குக் கொண்டுவந்ததால் சந்திப்பையும் முன்னுக்கு நகர்த்த வேண்டியதாயிற்று. அந்தச் செய்தி அவரை எட்டியபோது கயிறு ஏற்கெனவே கையில் ஏறியிருந்தது. இதற்கு முந்தைய இரண்டு சந்திப்புகளுக்கும் அவர் வரவில்லை. கையுறைத் தொழிற்சாலையில் மேல்நேர வேலையைக் கட்டாயமாக்கியதால் ஒருமுறை, பேருந்து வராததால் இன்னொரு முறை. மூன்றாவது முறையும் வரவில்லையென்றால், இந்தத் தாய்க்குப் பிள்ளைகளிடம் அக்கறை இல்லை என்று சமூக நல அதிகாரி எழுதுவார். அவர் இருக்கும் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பேன்.

அந்தத் தோட்டம் இருந்த பத்து காஜா ஊருக்கு வண்டியை எடுத்தேன்.

தோட்டம் என்று பழக்கத்தில் சொல்கிறார்கள். பால்மரங்கள் எப்போதோ போய், ஒரு பக்கம் செம்பனை, மறுபக்கம் புதுத் தாமான் குடியிருப்பு, சாலையோரத்தில் பெட்ரோல் ஊற்றும் எண்ணெய் நிலையமும் வறுத்த கோழி விற்கும் கடையும் வந்துவிட்டன. கடைசி லய வரிசை வீடுகளில் மட்டும் ஏழெட்டுக் குடும்பங்கள் இருக்கின்றன. கோயில் வாசலில் ஏணிமேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார் கோயில் தலைவர். தாய் கீழே நின்று வேப்பிலைக் கொத்துகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மஞ்சள் புடவை, நெற்றி நிறையத் திருநீறு. முப்பதைத் தொடாத வயது.

என் முகத்தைப் பார்த்ததுமே தலைவர் ஏணியிலிருந்து பேசினார். "நான் சொல்லிட்டேன் மிஸ். போலாம்லா. ஃபேக்டரிக்குப் போறவன் எல்லாம் காப்புக் கட்டிக்கிட்டுதானே போயிட்டு வாரான். நானே ராத்திரியில கொண்டோ மாடி வீட்டுல காவலுக்கு, ஜாகா வேலைக்குப் போறேன். நான் போகலைன்னா சம்பளத்த அம்மனா குடுக்கும்?"

"நீங்க வருஷா வருஷம் கட்டுறீங்க அண்ணே" என்றார் தாய், நிமிராமல். "நான் இந்த ஒரு தடவதான் கட்டுறேன். எம்பிள்ளைங்களுக்காக."

"பாத்தீங்களா? பேருக்குத்தான் தலைவர். ஒருத்தி கேக்க மாட்டா."

நான் தாயைத் தனியே அழைத்துச் சொன்னேன். "பிள்ளைங்க வரணும்னுதானே கட்டினீங்க? அந்தப் பிள்ளைங்களையே பாக்க விடாம பண்ணுதே இது."

"தெரியும் மிஸ். அதான் சோதனை. இதுல தோத்துட்டா அப்புறம் எங்க போய்க் கேக்குறது?"

இந்த வேலையில் அதிகாரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு தாயை மிரட்டுவதற்கு வேண்டிய அளவு உண்டு. 'வராவிட்டால் பிள்ளைகளை மறந்துவிடு' என்று சொல்லியிருந்தால் அவர் வந்திருப்பார். அப்படி வந்து, செவ்வாய்க்கிழமை தீர்ப்பு பாதகமாக அமைந்தால், தன் பிள்ளைகளைத் தானே தொலைத்ததாக வாழ்நாள் முழுக்க நம்புவார். என்னையும் இனி நம்ப மாட்டார். வராமலே இருந்தாலோ, அவருடைய விரதத்துக்கான விலையைக் கொடுப்பது விரதம் இருக்காத இரண்டு பிள்ளைகள். அவர் கண்ணில் சந்திப்பு நடக்க முடியாததாக இருந்தது. என் கண்ணில் இடம்தான் இடைஞ்சலாக இருந்தது. இடத்தை மாற்றலாம். விசாரணைக்கு எப்படி வருவார் என்பதைப் பிறகு யோசிக்கலாம்.

வண்டியில் உட்கார்ந்து நல அதிகாரியை அழைத்தேன். அவர் மலாய்ப் பெண்மணி, கண்டிப்பானவர், நியாயமானவர். நான் சொன்னதை இடைமறிக்காமல் கேட்டுவிட்டு நிபந்தனைகளைச் சொன்னார். வீட்டில் கூடாது, கோயிலிலும் கூடாது. பொது இடமாக, நான்கு பக்கமும் கண்ணுக்குத் தெரிவதாக இருக்க வேண்டும். உறவினர் யாரும் வரக் கூடாது. தானும் வந்து உட்காருவேன் என்றார்.

பக்கத்தில் அப்படியொரு இடம் கோழிக்கடை ஒன்றுதான்.

"அது எல்லைக்குள்ள வருதா அண்ணே?" என்று தலைவரிடம் கேட்டேன்.

ஏணியை விட்டு இறங்கி வந்தார். விஷயம் அவருக்குப் பிடித்துவிட்டது. "கடை உள்ள. கார் நிறுத்துற இடம் பாதி உள்ள, பாதி வெளிய. விளக்குக் கம்பத்துல நான்தான் வேப்பிலை கட்டுனேன். அந்த மேனேஜர் பையன் மலாய்க்காரப் பையன், போலே போலே, கட்டலாம்னு ஏணியே குடுத்தான். கம்பத்துல இருந்து அந்தப் பக்கம் பாலம் வரைக்கும் நேரா ஒரு கோடு. அதான் எல்லை."

"நான் விரதம். கோழிக்கடையில எப்படி உக்காருவேன்?" என்றார் தாய்.

"வெளிய மேசை போட்டிருக்கான்லா. மூக்கப் பொத்திக்கிட்டு உக்காரு. கோழி வாசனை அடிச்சதுக்கெல்லாம் அம்மன் கேஸ் போடாது."

தாய் சிரிக்கவில்லை. ஆனால் வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனேன். தாய் எங்களுக்கு முன்பே வந்து, முன்னால் நீட்டிய கூரையின்கீழ் இருந்த மேசையில், கடைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். அதிகாரி இரண்டு மேசை தள்ளி ஒரு காப்பியோடு இருந்தார். விளக்குக் கம்பத்து வேப்பிலை அதற்குள் பாதி வாடியிருந்தது. கம்பம் எங்கே, பாலம் எங்கே என்று என் கண் தானாகவே அளந்தது. இடையில் ஒரு கோடும் இல்லை. எண்ணெய்க் கறையும் இரண்டு மோட்டார் சைக்கிள்களும்தான்.

சிறுவன் தாயிடம் போகவில்லை. என் காலைக் கட்டிக்கொண்டான். நீண்ட இடைவெளிக்குப் பிறகு சிறு பிள்ளைகள் இப்படிச் செய்வது இயல்பு. தாய்க்கு அதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். இருந்தாலும் நீட்டிய கையை அவர் மடக்கிக்கொண்டதைப் பார்க்க மனம் தாளவில்லை. மகள் எதிரே உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தாள்.

"போன தடவ ஏன் வரல?"

"பஸ் வரலமா."

"அதுக்கு முந்தி?"

"ஓவர்டைம் போட்டுட்டாங்க."

"நீ எப்பவும் இப்படித்தான் சொல்லுவ. கையில என்னா அது?"

"காப்பு. நீயும் தம்பியும் வீட்டுக்கு வரணும்னு கட்டியிருக்கேன்."

சிறுமி அந்தக் கயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நான் வாங்கிக் கொடுத்திருந்த உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலத்தைத் தாயின் பக்கம் தள்ளினாள். "இது சைவம்தான். சாப்பிடு."

சிறுவனும் மெல்ல நகர்ந்து போய்த் தாயின் புடவையைத் தொட்டுப் பார்த்தான். அவர் அவனை இழுத்து அணைக்கவில்லை. அவனாக மடியில் ஏறும்வரை காத்திருந்தார். அதிகாரி அதைக் கவனித்ததை நான் கவனித்தேன். இன்னும் அரை மணி நேரம் இப்படியே போனால் போதும் என்று நினைத்தேன்.

அப்போது சாலையில் உருமி மேளக்காரர்களின் லாரி வந்தது. கோயிலுக்குப் போகிறவர்கள், வழியிலேயே அடித்துப் பழகிக்கொண்டு வந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சிறுவன் மடியிலிருந்து வழுக்கி இறங்கி ஓடினான். கார்கள் நிற்கும் இடத்தைக் கடந்து, நேராகச் சாலையை நோக்கி.

தாய்தான் முதலில் எழுந்தார். எங்கள் எல்லாருக்கும் முன்னால் ஓடினார். விளக்குக் கம்பத்துக்கு நேரே வந்ததும் நின்றார்.

அது எவ்வளவு நேரம் என்று பிறகு பலமுறை என்னிடம் கேட்டார்கள். ஒரு மூச்சு இழுத்துவிடும் நேரம். சுவரில் மோதியவர்போல நின்றார். மகள் அவரைத் தாண்டி ஓடித் தம்பியின் சட்டையைப் பின்னாலிருந்து பற்றினாள். ஒரு மோட்டார் சைக்கிள் சக்கரம் தேய நின்றது, ஓட்டியவன் திட்டினான். அதன் பிறகுதான் தாயின் கால் எழுந்தது. ஒரே பாய்ச்சலில் போய் இரண்டு பிள்ளைகளையும் சாலை ஓரத்திலிருந்து வாரி எடுத்தார். மூவரும் புல்லில் விழுந்தார்கள். யாருக்கும் காயமில்லை.

புல்லில் இருந்தபடியே அவர் திரும்பி விளக்குக் கம்பத்தைப் பார்த்தார். அது அவருக்குப் பின்னால் இருந்தது. கை தானாகப் போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, விடு, வலிக்குது" என்றாள் மகள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். ஏன் நின்றார் என்று கேட்டார். கோட்டைப் பற்றி முன்பே சொல்லியிருந்தேன். இப்போது மறுபடியும் சொன்னேன். புரிகிறது என்றார். ஆனால் தான் பார்த்ததைத் தான் எழுதியே ஆக வேண்டும் என்றார்.

எழுத வேண்டாம் என்று கேட்க எனக்கு வாய் இருந்தது. கேட்கவில்லை. அந்தச் சிறுமி அடிவாங்கிய நாட்களில் இதே தாய் இப்படித்தான் நின்றிருப்பார், வேறு ஏதோ பயத்தில். நாளை அவள் வீடு திரும்பி, மறுபடியும் அப்படியொரு கணம் வந்தால்? அதை மறைத்து அவளை அனுப்ப என்னால் முடியாது. அதேபோல, அன்று தாண்டாதவர் இன்று தாண்டினார் என்பதையும் நான் மறைக்க முடியாது. இரண்டையும் என் குறிப்பில் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை விசாரணைக்குக் காரில் அழைத்துப்போகச் சென்றபோது தாய் ஏறிக்கொண்டார். கையில் கயிறு இல்லை. எல்லைப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூடிய அறையில் விசாரணை. என்னையும் உள்ளே அழைத்திருந்தார்கள். நீதிபதி மலாயில் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"மகன் சாலைக்கு ஓடும்போது நீங்கள் ஏன் நின்றீர்கள்?"

"பயந்துட்டேன் சார்."

"எதற்குப் பயம்?"

"கோட்டத் தாண்டினா பிள்ளைங்க கிடைக்க மாட்டாங்கன்னு."

"பிறகு ஏன் தாண்டினீர்கள்?"

தாய்க்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. மொழிபெயர்ப்பாளரை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "பிள்ளை ரோட்டுல நிக்கிறான் சார்" என்றார்.

நீதிபதி கொஞ்ச நேரம் எழுதினார். அதிகாரி பார்த்ததை அப்படியே சொன்னார், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நின்றதைச் சொன்னார். ஓடியதைச் சொன்னார். சிறுவனாக மடியில் ஏறும்வரை தாய் காத்திருந்ததையும் சொன்னார். அதை அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முடிவு இரண்டுக்கும் இடையில் வந்தது. பிள்ளைகள் இன்னும் மூன்று மாதம் இல்லத்தில் இருக்க வேண்டும். ஆனால் சந்திப்பு இனி ஞாயிறுதோறும் தாயின் வீட்டில் நடக்கலாம். அதற்குள் அவர் ஆலோசகரிடம் போய்வர வேண்டும். மூன்று மாதம் முடிந்ததும் மறுபடி பார்க்கலாம்.

எங்கள் வேலையில் இதை நல்ல முடிவு என்போம். வெளியே நடைவழியில் அவருக்கு அதை விளக்கினேன். ஞாயிறு எத்தனை மணிக்கு என்று கேட்டார். தம்பி இப்போது சோறு பிசைந்து ஊட்டினால் சாப்பிடுகிறானா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு வெறும் மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"தலைவர் மறுபடியும் கட்டிவிடுறேன்னாரு. மஞ்சத் தண்ணியில குளிச்சிட்டு வந்தா போதும்னாரு. நான்தான் வேணாம்னுட்டேன்."

"ஏன்?"

"உடைச்சது உடைச்சதுதானே மிஸ். அன்னிக்கு நான் தாண்டாம இருந்திருந்தா இந்த மூணு மாசம் வந்திருக்காது, இல்ல?"

இந்த மூன்று மாதமும் அந்த ஒரு மூச்சு நேரம் நின்றதற்கு. ஓடியதால்தான் வீடு வரைக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குள் முழுதாக, சரியாக இருந்தது. அதைச் சொன்னால் அம்மனிடம் தோற்றவர் பிள்ளைகளிடமும் தோற்றவராகிவிடுவார். சொல்லாவிட்டால், இன்னொரு கோட்டின் முன்னால் என்றாவது மறுபடியும் நிற்பார்.

"அப்படி இல்லை" என்று தொடங்கினேன். "நீங்க ஓடினீங்க இல்ல, அதை அந்த அறையில எல்லாரும் கணக்குல எடுத்துக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி நின்னீங்க, அதையும் எடுத்துக்கிட்டாங்க."

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நடைவழியில் அடுத்த வழக்குக்காரர்கள் வந்து நின்றார்கள். ஓர் ஓரமாக நகர்ந்து, உட்காரச் சொல்லி, முதலிலிருந்து மறுபடியும் சொல்லத் தொடங்கினேன்.